நாற்பது மீட்டர்க் கம்பி

தமிழிலக்கியம் கற்பிப்பவருக்கும் வானொலிக் கம்பிக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவக்கூடும். உறவு ஒரு சொல்லில் தொடங்கியது. ஆண்டெனா என்பதற்குத் தமிழில் ‘அலைவாங்கி’ என்றும் ‘உணர்கொம்பு’ என்றும் எழுதி வருகிறோம். நல்ல சொற்களே. ஆயினும் இரண்டும் கேட்கும் கருவியை மட்டுமே சுட்டுகின்றன. வாங்குவது, உணர்வது என்பதற்கு அப்பால், பேசுவதும் அதே கம்பிதான் என்பதை அவை சொல்லாமல் விட்டுவிடுகின்றன. இக்குறையை முதன்முதலில் நம்மிடம் சுட்டிக்காட்டியவர் நம் கல்லூரியின் இயற்பியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற மூத்த நண்பர். நாம் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பது வழக்கம். இங்கும் அவ்வாறே குறிப்போம். “வாங்கி மட்டுந்தானா தம்பி? கொடுக்கிறதுக்கு உங்க தமிழ்ல பேர் கிடையாதா?” என்று ஆசிரியர் அறையில் அவர் கேட்டபோது ‘அலைபரப்பி’ என்று சொல்லிப் பார்த்தோம். அவர் சிரித்துவிட்டு, தாம் எப்போதும் சொல்லும் ‘கம்பி’ என்ற சொல்லுக்கே திரும்பிவிட்டார். இலத்தீனிலும் அச்சொல் பாய்மரக் கப்பலின் குறுக்குக் கழியைத்தான் முதலில் குறித்தது என்று பின்னர் அறிந்தோம். ஆக, கழி என்றோ கம்பி என்றோ சொல்வதில் இழுக்கொன்றும் இல்லை.

அண்ணாச்சி 1980களிலேயே அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர். ‘ஹாம்’ என்று இவர்களை அழைப்பர். வணிக நோக்கமின்றி, தாமே அமைத்துக்கொண்ட நிலையத்திலிருந்து உலகெங்குமுள்ள தம்மைப் போன்றோருடன் பேசுவோர். இவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகள் பல. அண்ணாச்சியின் மனம் ஒன்றியது அவற்றுள் மிகத் தாழ்ந்தவற்றுள் ஒன்றான 160 மீட்டர் வரிசையில். இந்தியாவில் 1820 முதல் 1860 கிலோஹெர்ட்ஸ் வரையிலான சிறு துண்டு அது. பகலில் வானின் கீழ் அயனியடுக்கு அதனை விழுங்கிவிடும். கதிரவன் மறைந்த பின்னரே தொலைவுக்குச் செல்லும். இரவில் மட்டும் விழித்திருக்கும் இந்த வரிசைக்காக அவர் தம் பழைய வீட்டின் இரு தென்னைகளுக்கிடையே கம்பி கட்டியிருந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பனிக்கால இரவுகளில் அவருடைய மோர்ஸ் ஒலி அங்கிருந்து கிளம்பிச் சென்றது.

2021-இல் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. குரல்வளையை முழுவதுமாக அகற்றிவிட்டனர். செயற்கைக் குரற்கருவி ஒன்று வாங்கினார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் இயந்திரக் குரல் எழும். அதைக் கேட்டுப் பேத்தி வீறிட்டு அழுதாள். அன்றே அதனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதன்பின் கையில் ஒரு சிலேட்டு. மருத்துவச் செலவுக்காகவும் மருத்துவமனைக்கு அருகில் இருக்கவேண்டும் என்பதற்காகவும் வீட்டை விற்று, அடுக்ககம் ஒன்றின் நான்காம் தளத்துக்குக் குடிபெயர்ந்தனர். தென்னைகள் புதிய உரிமையாளருக்குப் போயின.

ஹாம்களிடையே ஒரு வழக்கு உண்டு. அவர்களுள் ஒருவர் மறைந்தால் ‘சைலண்ட் கீ’ ஆனார் என்பர். மோர்ஸ் விசை ஓய்ந்தது என்று பொருள். நாம் பார்க்கச் சென்ற முதல் நாளில் அண்ணாச்சி சிலேட்டில் எழுதிக் காட்டியது இது: ‘வாய்தான் சைலண்ட். கீ இன்னும் பேசும்.’

பேசுவதற்குக் கம்பி வேண்டுமே. அடுக்ககச் சங்கத்தார் மொட்டைமாடியில் எதனையும் கட்ட இசையவில்லை. மறுப்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கூட்டத்தில் ஒருவர், “இந்தக் கதிர்வீச்சாலதானே சாருக்கே இந்த நிலை?” என்று கேட்டதை மன்னிக்க நம்மால் இன்றுவரை இயலவில்லை. அண்ணாச்சி சிலேட்டை எடுக்கவேயில்லை. எழுந்து வந்துவிட்டார். படியிறங்கும்போது எழுதினார்: ‘கம்பி வீட்டில் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? தூக்கிக்கொண்டு போவோம்.’

தூக்கிச் செல்லும் கம்பி என்பது உயர் அலைவரிசைகளில் விளையாட்டுப்போல எளிது. தாழ்ந்த அலைவரிசைகளில் அப்படியன்று. இதன் காரணத்தை அறிய ஒரே ஒரு கணக்குப் போதும். நன்றாகப் பரப்பும் செங்குத்துக் கம்பியின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்கவேண்டும். 1.84 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 163 மீட்டர்; கால் பங்கு என்பது நாற்பது மீட்டரை ஒட்டியது. பதின்மூன்று மாடி உயரம்! இன்னும் கீழே போனால் கணக்கு அச்சமூட்டும். உலக வானொலி மாநாடு 2007-இல் அமெச்சூர்களுக்கு வழங்கிய 136 கிலோஹெர்ட்ஸ் வரிசையில் கால் அலை என்பது 550 மீட்டர். 2012-இல் வழங்கிய 472 கிலோஹெர்ட்ஸ் வரிசையில் 158 மீட்டர். பிரித்தானிய அமெச்சூர்கள் 1996 முதல் 2003 வரை 73 கிலோஹெர்ட்ஸிலும் முயன்றனர். அங்கே கால் அலை ஒரு கிலோமீட்டருக்கும் மேல்.

இத்தகைய நீளத்தை வயல்வெளிக்கு எப்படிக் கொண்டுபோவது? பட்டம் விட்டார்கள். இது புதிய யோசனையன்று. 1901 டிசம்பர் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில் மார்க்கோனி, அட்லாண்டிக்கின் மறுகரையிலிருந்து வந்த குறியைக் கேட்டதாக அறிவித்தது பட்டம் தூக்கி நிறுத்திய கம்பியில்தான். அது வாங்கிய கம்பி. கொடுத்த கம்பிக்கு நமக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு ‘கிப்ஸன் கேர்ள்’ எனப்பட்ட அபாயகால ஒலிபரப்பி. இரண்டாம் உலகப்போரில் கடலில் வீழ்ந்த விமானிகளின் உயிர்ப்படகுகளில் இருந்தது. ஜெர்மானியர் செய்த ஒன்றைக் கைப்பற்றிப் பிரித்தானியரும், அதனைப் பார்த்து அமெரிக்கரும் செய்துகொண்டனர். கருவியின் இடை ஒடுங்கியிருக்கும். இரு தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் பிறக்கும். அந்நாளில் கப்பல்கள் யாவும் செவிமடுத்திருந்த 500 கிலோஹெர்ட்ஸில் எஸ்.ஓ.எஸ். தானாகவே ஒலிக்கும். ஏறத்தாழ 90 மீட்டர்க் கம்பியைத் தூக்கப் பெட்டிப் பட்டம் ஒன்று. காற்று இல்லையென்றால் ஹைட்ரஜன் பலூன். நடுக்கடலில், நனைந்த உடையோடு, உயிர் போகும் வேளையில் பட்டம் விட்டவர்களை எண்ணிப் பார்க்கிறோம்.

பட்டக்கம்பியில் இடர்களும் உண்டு. வறண்ட காற்று உரசிச் செல்வதனாலேயே கம்பியில் மின்னேற்றம் பெருகும்; மேகம் நெருங்கினால் சொல்லவே வேண்டாம். மின்தடங்களின் அருகில் எண்ணிப் பார்க்கவும் கூடாது. நம் நாட்டின் 1934-ஆம் ஆண்டு வானூர்திச் சட்டம் வானூர்தி என்பதன் இலக்கணத்துக்குள் பட்டத்தையும் சேர்த்திருந்தது என்பதை அண்ணாச்சி சிலேட்டில் எழுதி, அடியில் மூன்று கோடு இழுத்தார். பட்டம் வேண்டாம் என்று முடிவாயிற்று.

ஆகவே குட்டையான கம்பத்தில் தொடங்கினோம். ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் கண்ணாடியிழைக் கம்பம், விரித்தால் பத்து மீட்டர். அதன்மேல் கம்பி. கால் அலைக்குக் குறையும் முப்பது மீட்டரைச் சுருளால் ஈடுசெய்வது வழக்கம். வீட்டுக் கழிவுநீருக்குப் பயன்படும் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில், வீட்டு வயரிங்குக்கான 1.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியை 42 சுற்றுச் சுற்றினோம். ஏறத்தாழ பதினைந்து மீட்டர் செலவாயிற்று. எண்ணும் பணி நம்முடையது. செய்யுளுக்கு அலகிட்டுப் பழகிய வாய்க்கு நாற்பத்திரண்டு வரை எண்ணுவது கடினமன்று.

உரிய இசைவு பெற்று, குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் கம்பத்தை நட்டோம். செம்மணல் மேடுகள், பனைகள், ஆளரவமற்ற வெளி. கம்பத்தின் அடியிலிருந்து பத்து மீட்டர் நீளமுள்ள பதினாறு கம்பிகளைச் சக்கரத்தின் ஆரங்களைப்போல் மணலில் விரித்தோம். கையிலிருப்பது 160 மீட்டர்க் கம்பிதான் என்றால், நாற்பது மீட்டரில் நான்கு விரிப்பதைவிடப் பத்து மீட்டரில் பதினாறு விரிப்பதே நன்று என்பது இத்துறையினரின் பட்டறிவு. மண்ணில் வீணாகும் ஆற்றல் கம்பத்தின் அடியைச் சுற்றித்தானே மிகுதி?

அளவி 38 ஓம் காட்டியது. கருவி எதிர்பார்ப்பது 50, நெருங்கிய எண்தான். நாம் மகிழ்ந்தோம். அண்ணாச்சி மகிழவில்லை. மணலில் குச்சியால் எழுதினார். இவ்வுயரக் கம்பி உண்மையில் வானுக்கு ஆற்றலைத் தருவதைக் குறிக்கும் தடை ஒன்றரை ஓம்தான். ஏழு சுருளுக்குரியது. மீதி முப்பதும் தேரி மணலுக்கு. 100 வாட் கொடுத்தால் நான்கு வாட் வானுக்குப் போகும்; தொண்ணூற்றாறும் சுருளையும் மணலையும் சூடாக்கும். (அதே கம்பத்தை 136 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தினால் அந்த ஒன்றரை ஓம், ஓர் ஓமின் ஆயிரத்தில் எட்டுப் பங்காகச் சுருங்கும் என்றும் எழுதினார். அந்த வரிசையில் பேசுகிறவர்களை நாம் அன்று முதல் தவசிகளாகவே கருதி வருகிறோம்.) சுருளின் மேல்முனையில் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும் என்பதால் சுற்றிலும் கயிறு கட்டி, யாரும் அணுகாதபடி நாம் காவல் இருந்தோம். அன்று இரவு இலங்கையிலிருந்து ஒரு மெல்லிய மறுமொழி, அவ்வளவே.

தேரியில் பனை இருக்கக் கம்பம் எதற்கு என்று எண்ணியது அடுத்த வாரம்தான். பனையேறும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். இடுப்பில் நூலைக் கட்டிக்கொண்டு பதினெட்டு மீட்டர் உயரத்தில் கப்பி ஒன்றைக் கட்டிவிட்டு இறங்கினார். முப்பது மீட்டருக்கு அப்பாலிருந்த மற்றொரு பனையிலும் அவ்வாறே. கம்பி பதினெட்டு மீட்டர் செங்குத்தாக ஏறி, எஞ்சிய இருபத்திரண்டு மீட்டர் கிடையாகச் சென்றது. கவிழ்ந்த ‘ட’கரம் போன்ற வடிவம். சுருள் தேவையில்லை, நாற்பது மீட்டரும் முழுதாக வானில் இருக்கிறது. பெரியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அம்புட்டு ஒசரத்துக்குக் கெட்டியாச்சு. இதுல பதனி எறங்குமா அண்ணாச்சி?” என்றார். அண்ணாச்சியின் தோள்கள் குலுங்கின. ஒலியற்ற சிரிப்பு. நெடுநாள் கழித்து அதை அன்றுதான் கண்டோம்.

அளவி இப்போது 47 ஓம் காட்டியது. கருவிக்கு ஏறத்தாழ முற்றும் பொருந்திய எண். இம்முறை நாம் அவசரப்பட்டு மகிழாமல் அவர் முகத்தைப் பார்த்தோம். எழுதினார்: ‘பதினாறு வானுக்கு. முப்பத்தொன்று மணலுக்கு.’ நான்கு வாட் முப்பத்துநான்கு ஆயிற்று என்பது உண்மை. அன்று கேரளத்தவர் இருவரும் ஜப்பானியர் ஒருவரும் மறுமொழி தந்தனர். ஆனால் அவர் தேடிய ஒருவர் வரவில்லை.

அந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகரத்தில் வாழும் முதியவர். அண்ணாச்சியும் அவரும் இருபதாண்டுக் காலம் பனிக்கால மாலைகளில் மோர்ஸில் உரையாடியவர்கள். நேரில் கண்டதில்லை. ஒருவர் குரலை மற்றவர் கேட்டதுமில்லை. மின்னஞ்சல் அனுப்பலாமே என்று கேட்டோம். ‘அனுப்பலாம். அனுப்பினால் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருக்கும்’ என்று எழுதினார். அதன்மேல் நாம் கேட்கவில்லை.

தேரி மணல் மோசமான நிலம் என்பது தெளிவாயிற்று. ஈரமின்மையால் மின்னோட்டம் அதனுள் தடுமாறுகிறது. நல்ல நிலம் எது என்றால் கடல்நீர். வறண்ட மணலைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு நன்றாக மின்சாரம் கடத்துவது. இந்த அலைவரிசையில் மின்னோட்டம் கடல்நீருக்குள் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அப்படியென்றால் ஒரு முழ ஆழமுள்ள உப்புநீர்ப் பாத்தியே போதுமே! வண்டியில் அரை மணித் தொலைவில் ஆறுமுகநேரி உப்பளங்கள் இருக்க, இதனை எண்ணாமல் மணலோடு போராடிக்கொண்டிருந்தோம். நெய்தல் நிலத்தைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறோம். உப்பு விற்ற உமணரின் வண்டிகளைப் பற்றி மாணவரிடம் பேசியிருக்கிறோம். உப்புக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை.

உப்பள வரப்பில் இரு பனைகள் வாய்த்தன. அதே பெரியவர் ஏறினார். அதே கம்பி, அதே பதினெட்டும் இருபத்திரண்டும், அதே பதினாறு கம்பிகள். இம்முறை அவற்றின் முனைகளை உரித்துப் பாத்தி நீரில் அமிழ்த்தினோம். பாத்தி பார்க்க வந்த தொழிலாளர் ஒருவர், “என்ன அண்ணாச்சி, மின்னல் புடிக்கியளா?” என்றார். சற்றுப் பொறுத்துக் காவலர் இருவரும் வந்தனர். கடற்கரையில் ஒலிபரப்பி என்றால் வராமல் இருப்பார்களா? உரிமத்தைக் காட்டினோம். சிலேட்டையும் காட்டவேண்டியதாயிற்று. மூத்தவர் சிலேட்டைப் பார்த்தார், அண்ணாச்சியின் கழுத்துத் துணியைப் பார்த்தார், “பாத்துப் பேசுங்க சார்” என்று சொல்லிவிட்டு, சொன்ன சொல் தவறோ என்று தயங்கி நின்றார். அண்ணாச்சி அவர் கையைப் பற்றிக் குலுக்கினார்.

அளவியை இணைத்தோம். 22 ஓம்.

கருவிக்குப் பொருந்தாத எண். நூலைப் பார்த்து மட்டும் கற்றவர் முகம் சுளிப்பார். அண்ணாச்சி நம் தோளை இறுகப் பற்றினார். பதினாறு வானுக்கு, மண்ணுக்கு வெறும் ஆறு. தேரியில் அளவி சொன்ன அழகிய எண்ணில் பெரும்பகுதி மணலின் பங்கு. எண் குறைந்ததே நற்செய்தி. நூறு வாட்டில் எழுபத்துமூன்று இப்போது வானேறும். பொருந்தாமையைத் தீர்க்க, மூன்றுக்கு இரண்டு என்ற சுற்று விகிதத்தில் சிறு மாற்றி ஒன்றை இடையில் வைத்தால் 22 என்பது ஐம்பதாகத் தோன்றும். அதைச் சட்டைப்பையிலிருந்தே எடுத்தார். எண் குறையும் என்று முன்னமே எதிர்பார்த்திருக்கிறார்! இதுவும் ஒரு செய்திதான்: ஹாம்களுள் எழுபத்துமூன்று என்ற எண், விடைபெறும்போது சொல்லும் வாழ்த்து. அண்ணாச்சி இப்பொருத்தத்தைக் கண்டு மகிழ்ந்தார். நாம் இதனைத் தற்செயல் என்றே கொள்கிறோம்.

ஜனவரி மாதம், மழை ஓய்ந்து வானம் தெளிந்திருந்தது. கதிரவன் மறைந்து அரை மணி ஆயிற்று. கார் பேட்டரியோடு கருவியை இணைத்து, அண்ணாச்சி மடிப்பு நாற்காலியில் அமர்ந்து, பலகைத் துண்டில் விசையை வைத்துக்கொண்டார். மோர்ஸின் இலக்கணம் தமிழாசிரியருக்கு அந்நியமன்று. புள்ளிக்கு ஒரு மாத்திரை, கோட்டுக்கு மூன்று. நம் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மூன்று வேண்டுமானால் அளபெடைக்குத்தான் போகவேண்டும். எழுத்துக்கு எழுத்து மூன்று மாத்திரை இடைவெளி, சொல்லுக்குச் சொல் ஏழு. நாற்பது கடந்த வயதில் இதனை நாம் கற்றது, அண்ணாச்சி பேசுவதைச் சிலேட்டின் வேகத்தில் மட்டும் கேட்க மனம் ஒப்பாததால். சிலேட்டில் அவர் சுருக்கமானவர். விசையில் அவர் பழைய அண்ணாச்சி: வேகம், கேலி, சிறு இழுவை. கோட்டினை ஒரு மயிரிழை நீட்டி அடிப்பது அவருடைய கைவாகு.

யாரேனும் உண்டா என்னும் பொது அழைப்பைச் சில முறை அடித்தார். முதலில் ஜப்பான், நன்றாகவே கேட்டது. பிறகு இரைச்சல் மட்டும். தொலைவில் எங்கோ இடிக்கும் இடியெல்லாம் இந்த அலைவரிசையில் கருகும் கடுகுபோல் பொரியும். மீண்டும் அழைத்தார். அழைப்புக்குறி முழுவதும் முடியுமுன்னரே, இரைச்சலின் அடியிலிருந்து மெலிந்த, நிதானமான ஒலி. பெர்த். 6,000 கிலோமீட்டர், இடையே கடல்தவிர வேறெதுவும் இல்லை.

நாம் தாளில் எழுதிக்கொண்டே வந்தோம். அண்ணாச்சிக்குத் தாள் தேவையில்லை. முதியவர் பெயரைக் கேட்கவில்லை. அழைப்புக்குறியைக்கூட உறுதி செய்துகொள்ளவில்லை. கைவாகைக் கேட்டதுமே அறிந்துவிட்டதாகச் சொன்னார். மூன்று பனிக்காலமாகக் காணோமே, நலமா என்றார். அண்ணாச்சியின் கை விசைமேல் நின்றது. வீடு மாறினோம் என்று அடித்தார். மறுகணம், புதிய கம்பி எப்படி என்று அவரே கேட்டு, உப்பளம், பனை, இருபத்திரண்டு ஓம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். மறுமுனையில் அந்த ஓம் கணக்கைக் கேட்டு மகிழக்கூடிய ஒருவர் இருந்தார். அரை மணி நேரம் பேசினார்கள். முதியவர் தம் மனைவி சென்ற ஆண்டு மறைந்ததைச் சொன்னார். அண்ணாச்சி நெடுநேரம் எதுவும் அடிக்கவில்லை. அந்த மௌனத்தில் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பின்னர் அடித்ததை நாம் எழுதிக்கொள்ளவில்லை. எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டோம்.

அதன்பின் அறுவை சிகிச்சையைப் பற்றி அவரும் சொன்னார். ஐந்தே சொற்கள்.

பிப்ரவரியில் பதனி இறங்கத் தொடங்கிவிட்டது. பனையேறும் பெரியவருக்கு இனி ஓய்வில்லை. உப்பளத்திலும் வேலை தொடங்கிவிட்டதால் வரப்பெங்கும் குவியல்கள். கம்பி விரிக்க இடம் கேட்டுப் பெறவேண்டும். ஆகவே மீண்டும் பத்து மீட்டர்க் கம்பத்துக்கே திரும்புகிறோம். இம்முறை அதன் உச்சியிலிருந்து குடைக்கம்பிகள்போல் நான்கு கம்பிகளைச் சரிவாக இழுத்துக் கட்டுவது திட்டம். வானுக்குரிய தடை ஒன்றரையிலிருந்து நான்கு ஓம்வரை உயரும், சுருளும் சிறுக்கும். உப்புநீரில் நட்டால் மண்ணுக்கு ஆறு, சுருளுக்கு நான்கு. நூறு வாட்டில் முப்பதுக்குச் சற்றுக் குறைவு. பெர்த் வரை எட்டுமா என்று கேட்டோம். ‘அவர் காதுக்கு எட்டும்’ என்று எழுதிவிட்டு, பி.வி.சி. குழாயை நம்மிடம் நீட்டினார். பழைய சுற்றுகளை அவிழ்த்து, இருபத்தாறில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கவேண்டுமாம். எண்ணத் தொடங்கியிருக்கிறோம்.